பொருள்கள் ஏன் கீழே விழுகின்றன? தட்டை உலகத்தாரோடு ஒரு வாதம்

உலகம் தட்டையானது என்று நம்புவோர் இந்நாளிலும் உளர் என்று சொன்னால் நேயர்களில் முதியவர்கள் நகைப்பார்கள். இளைஞர்கள் நகைக்கமாட்டார்கள், அத்தகையோருடைய பேச்சைக் கைப்பேசியில் அவர்கள் பலமுறை கேட்டிருக்கிறார்கள். அப்பேச்சு இப்பொழுது நல்ல தமிழிலும் கிடைக்கிறது. தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வளரும் நம் பிள்ளைகளின் நிலையை இங்கே எண்ணிப் பார்க்கவேண்டும். பௌதிகத்தை அவர்கள் பள்ளியில் ஆங்கிலத்திலோ இந்தியிலோ கற்கிறார்கள். ஐயம் மட்டும் தாய்மொழியில் வந்து சேர்கிறது. வீட்டுக்கு வந்து தமிழில் கேட்கிறார்கள். பெற்றோருக்கு விடை தெரிந்திருந்தாலும் அதைச் சொல்லத் தமிழ்ச் சொல் கைவசம் இருப்பதில்லை. "போய்ப் பாடத்தைப் படி" என்று சொல்லிவிடுகிறோம். ஐயம் உறவினரைப்போல உள்ளே வந்து அமர்ந்துகொள்ள, விடை அந்நியரைப்போல வாயிலிலேயே நின்றுவிடுகிறது.

இவ்வுரையை எழுதுபவன் விஞ்ஞானி அல்லன். கலைப் பட்டம் பெற்று, மத்திய அரசின் காகிதங்களைத் தமிழாக்குவதைத் தொழிலாகக் கொண்டவன். எங்கள் குடியிருப்பில் ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் பிள்ளை ஒருவன் என்னிடம் கேட்டது இது: "மாமா, புவியீர்ப்பு என்று ஒன்று கிடையவே கிடையாதாம். காற்றைவிட அடர்த்தி கூடினது கீழே போகுமாம், குறைந்தது மேலே போகுமாம். கல் விழுகிறது, பலூன் ஏறுகிறது. இதில் தப்பு எங்கே இருக்கிறது?"

கேள்வி மிக நல்ல கேள்வி. அதற்கு விடை காணுமுன், புவியீர்ப்பின்மீது இவர்களுக்கு ஏன் இத்தனை பகை என்பதைத் தெரிந்துகொள்ளல் நலம். உலகம் உருண்டை என்றால், அடிப்பக்கத்தில் இருக்கும் கடலும் மனிதரும் ஏன் கொட்டிப்போகவில்லை என்ற வினா எழும். புவி எல்லாவற்றையும் தன் மையத்தை நோக்கி இழுக்கிறது என்பதே அதற்கு விடை. அந்த விடையை வாங்கிக்கொண்டால் உருண்டையையும் வாங்கிக்கொள்ள நேரும். ஆகவே உலகத்தின் வடிவத்தைக் காக்கவேண்டி ஈர்ப்பை மறுக்கிறார்கள். ஈர்ப்பை மறுத்த பின்னும் கல் விழத்தான் செய்கிறது. அதற்கு ஒரு காரணம் வேண்டும். அந்த இடத்தில் அடர்த்தியையும் மிதப்பையும் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள்.

இவர்களோடு வாதிடுவது எத்தன்மையது என்பதற்குப் பழைய வழக்கு ஒன்று உண்டு. 1870-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஜான் ஹாம்ப்டன் என்பவர், நீர்ப்பரப்பு வளைந்திருப்பதை மெய்ப்பிப்பவருக்கு ஐந்நூறு பவுன் தருவதாகப் பந்தயம் கூறினார். அதை ஏற்றவர் சாமானியர் அல்லர். டார்வினோடு சேர்த்து எண்ணப்படும் ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ். இளமையில் நில அளவைத் தொழில் பார்த்தவர். பழைய பெட்போர்டு கால்வாய் ஆறு மைல் தொலைவுக்கு நேராக ஓடும் இடத்தில், நீர்மட்டத்திலிருந்து ஒரே உயரத்தில் இரு முனைகளிலும் நடுவிலும் குறிகள் வைத்துத் தொலைநோக்கியால் பார்த்தார். நீர்ப்பரப்பு தட்டையாயின் மூன்றும் ஒரே கோட்டில் தோன்றவேண்டும். நடுக்குறி ஏறத்தாழ ஐந்தடி உயர்ந்து தோன்றிற்று. கணக்குப்படி மூன்று மைலுக்கு வளைவு ஆறடி. காற்று ஒளியை வளைப்பதால் சிறிது குறையும். நடுவர் வாலஸுக்கே பணத்தை அளித்தார். ஹாம்ப்டன் ஒப்பவில்லை. வாலஸையும் அவர் மனைவியையும் ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் கடிதங்களாலும் துண்டுப் பிரசுரங்களாலும் துன்புறுத்தினார். அவதூறுக்காகச் சிறையும் சென்றார். இறுதியில், பந்தயப் பணம் சட்டப்படி செல்லாது என்று நீதிமன்றம் 1876-இல் தீர்ப்பளித்து, அவர் கட்டிய பணத்தை அவருக்கே திருப்பித் தரச் செய்தது. வாலஸுக்குக் கைப்பணமும் போயிற்று.

ஆனால் எல்லோரும் ஹாம்ப்டன் ஆகிவிடுவதில்லை. 2024 டிசம்பரில் இக்கொள்கையைப் பரப்பிவந்த சிலர் அண்டார்க்டிகாவுக்கே அழைத்துச் செல்லப்பட்டு, இருபத்துநான்கு மணி நேரமும் மறையாத சூரியனைக் கண்டார்கள். தட்டை உலகப் படத்தில் அப்படிப்பட்ட சூரியனுக்கு அங்கே இடமில்லை. அவர்களில் ஒருவர் அதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். நம்மிடம் கேட்கும் பிள்ளையோ இவ்விருவருள் எவரும் அல்லன். அவன் இன்னும் ஒரு பக்கமும் சாயவில்லை. அவனுக்கு ஏளனத்தை விடையாகத் தருவது நியாயமன்று.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். குழப்பத்தில் பாதி சொற்களில் இருக்கிறது. நாம் வீட்டில் "கனம்" என்ற ஒரே சொல்லை வைத்துக் காலம் தள்ளுகிறோம். மூட்டை கனம் என்றால் எடை மிகுதி. பஞ்சைவிட இரும்பு கனம் என்றால் அங்கே பேசப்படுவது எடையே அன்று. ஒரு வண்டிப் பஞ்சு ஓர் ஆணியைவிட எத்தனையோ மடங்கு எடையுள்ளது. ஒரே அளவு இடத்தில் எவ்வளவு பொருள் அடங்கியிருக்கிறது என்பதே அங்கே கருத்து. அதற்கு அடர்த்தி என்று பெயர். அந்தப் பொருளின் அளவுக்கு நிறை என்றும், அதைப் புவி இழுக்கும் விசைக்கு எடை என்றும் பெயர். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களிலோ நிறை என்பது நாம் எடை என்பதைக் குறிக்கும். நம் நிறையை அவர்கள் திணிவு என்பர். போதாக்குறைக்கு, இந்திப் பள்ளியில் படிக்கும் பிள்ளை அடர்த்திக்குக் "கனத்வ" என்ற சொல்லைக் கற்றுவருகிறான். அதே வடசொல்லிலிருந்து வந்த நம் "கனம்" எடையையும், "கன அளவு" பருமனையும் குறிக்கின்றன. வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையே ஒரே சொல் மூன்று வேடம் பூண்டு திரிகிறது. "கனமானது விழும்" என்னும் வாக்கியம் அவன் காதில் பழுதில்லாத உண்மையாக ஒலிப்பதில் வியப்பில்லை.

அதில் உண்மையும் இருக்கிறது. நீரைவிட அடர்த்தி குறைந்த கட்டை மிதக்கும். கூடிய கல் மூழ்கும். இதை யாரும் மறுக்கவில்லை. வினா அதற்கு அடுத்த படியில் இருக்கிறது. அடர்த்தி கூடியது ஏன் கீழே போகவேண்டும்? வலப்பக்கமாகவோ, கூரையை நோக்கியோ ஏன் போகக்கூடாது? அடர்த்தி என்பது ஓர் எண். இரும்புக்கு 7.9, தண்ணீருக்கு 1, தங்கத்துக்கு 19.3 என்று எழுதலாம். அந்த எண்ணுக்குத் திசை கிடையாது. கீழ் என்னும் திசையைக் கொடுப்பது வேறொன்றாகத்தான் இருக்கவேண்டும்.

ஊரில் கிணற்றில் நீர் இறைத்தவர்களுக்கு இதில் பாதி தெரியும். நிரம்பிய குடம் நீருக்குள் இருக்கும்வரை கயிறு இலேசாக வரும். குடம் நீர்மட்டத்தை விட்டு வெளிப்பட்டதும் கை சட்டென்று தாழும். குடத்தின் நிறை மாறவில்லை. நீருக்குள் இருந்தபோது அதைக் கீழிருந்து ஏதோ தாங்கியது. தாங்கியது எது? கிணற்றின் ஆழத்தில் இருக்கும் நீர், தன்மேல் உள்ள நீரின் எடையைச் சுமக்கிறது. பத்து மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர மீட்டரின் மேலும் பத்து டன் நீர் அமர்ந்திருக்கிறது. எனவே ஆழம் கூடக் கூட அழுத்தம் கூடும். குடத்தின் அடிப்பக்கம் மேற்பக்கத்தைவிட ஆழத்தில் இருப்பதால், கீழிருந்து மேலே தள்ளும் அழுத்தம் மேலிருந்து கீழே தள்ளும் அழுத்தத்தை வென்றுவிடுகிறது. அந்த மிகுதியே மிதப்பு விசை. மூழ்கிய பொருள் விலக்கிய நீரின் எடைக்கு அது சமம் என்று ஆர்க்கிமிடீஸ் ஈராயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே கணித்தார்.

எடை என்ற சொல்லைக் கவனியுங்கள். நீருக்கு எடை இல்லையென்றால் ஆழத்தில் அழுத்தம் கூடாது. அழுத்தம் கூடாவிட்டால் மேலே தள்ளும் விசை பிறக்காது. மிதப்பைக் கணக்கிடுவோர் நீரின் அடர்த்தி, விலக்கிய பருமன், புவியீர்ப்பு முடுக்கம் ஆகிய மூன்றையும் பெருக்குகிறார்கள். மூன்றாவதைப் பூச்சியமாக்கினால் விடையும் பூச்சியம். ஈர்ப்பை வெளியேற்றிவிட்டு அந்த இடத்தில் மிதப்பை அமர்த்துவது, தந்தையே பிறக்கவில்லை என்று சொல்லிவிட்டு மகனைக் கொண்டுவந்து சாட்சி நிறுத்துவதை ஒக்கும்.

"கீழே போவது பொருளின் இயல்பு, அதற்குமேல் காரணம் கேட்காதீர்" என்று சிலர் கூறுவர். இது அரிஸ்டாட்டிலின் பழைய விடை. ஆனால் கனமானவை யாவும் ஒரு மையத்தை நோக்கிச் செல்வது இயல்பு என்று கொண்ட அதே அரிஸ்டாட்டில், எல்லாப் பக்கமிருந்தும் மையத்தை நோக்கி நெருங்கிய பொருள் உருண்டையாகத்தான் திரளும் என்று முடிவு கட்டினார். நம் நாட்டிலும் 1150-இல் சித்தாந்த சிரோமணியை இயற்றிய இரண்டாம் பாஸ்கரர், புவிக்கு இழுக்கும் ஆற்றல் உண்டு என்றும், பொருள்கள் அதனால் இழுக்கப்படுவதே விழுவதுபோலத் தோன்றுகிறது என்றும் எழுதினார். சுற்றிலும் வானம் ஒரே தன்மையாக இருக்கையில் புவி எங்கே போய் விழும் என்பது அவர் கேட்ட எதிர்வினா. நியூட்டனை ஒதுக்கிவைத்தாலும் தட்டை உலகத்தாருக்குத் துணை கிடைப்பது அரிது.

பிள்ளைக்கு இவ்வளவு சொன்ன பின்னும் வாய்ப்பேச்சாகவே இருந்தது. எனவே ஒரு நெகிழிப் புட்டியின் அடியோரத்தில் துளையிட்டு, மூடியைத் திறந்து வைத்து நீர் நிரப்பினோம். நீர் துளை வழியே பீறிட்டது. இரண்டாம் மாடியிலிருந்து, கீழே யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, புட்டியைக் கைவிட்டோம். விழும் நேரம் முழுவதும் துளையிலிருந்து ஒரு துளியும் பீறிடவில்லை. நீரின் அடர்த்தி மாறவில்லை, காற்றின் அடர்த்தி மாறவில்லை, துளையும் அப்படியே இருந்தது. புட்டியும் நீரும் ஒன்றாகத் தடையின்றி விழுந்தமையால், நீர் நீரின்மேல் அழுத்தவில்லை. அழுத்தம் போயிற்று, அதனோடு மிதப்பும் போயிற்று. விண்வெளி நிலையத்தில் நடப்பதும் இதுவே. அங்கே ஈர்ப்பு இல்லை என்று பலர் எண்ணுகிறார்கள். நானூறு கிலோமீட்டர் உயரத்தில் தரையில் உள்ளதில் பத்தில் ஒன்பது பங்கு ஈர்ப்பு இருக்கத்தான் செய்கிறது. நிலையம் ஓயாமல் விழுந்துகொண்டே புவியைச் சுற்றுகிறது. அங்கே நீருக்குள் காற்றுக்குமிழி மேலே ஏறுவதில்லை, தீச்சுடர் நிமிர்ந்து நிற்காமல் உருண்டையாய் எரிகிறது. அடர்த்தி வேறுபாடுகள் அங்கேயும் அப்படியே உள்ளன. விண்வெளி நிலையமே பொய் என்பாருக்குப் புட்டி இருக்கிறது.

இன்னொரு சோதனையைப் பேருந்துப் பயணத்தில் காணலாம். சன்னல்கள் மூடிய வண்டியில் ஈலியம் நிரப்பிய பலூனை நூலில் கட்டிப் பிடித்துக்கொள்ளுங்கள். வண்டி சட்டென்று வேகமெடுக்கும்போது பயணிகள் பின்னே சாய்வர். பலூன் முன்னே சாயும். வண்டிக்குள் இருக்கும் காற்றும் பின்னே நெருக்கப்பட்டு, இலேசான பலூனை முன்னே தள்ளுகிறது. பலூனின் அடர்த்தி காற்றினுடையதைவிடக் குறைவு என்பது நின்ற வண்டியிலும் ஓடும் வண்டியிலும் ஒன்றே. அது போகும் திசையை முடிவு செய்வது அடர்த்தியாயின் வண்டியின் வேகம் அதை என் திருப்பவேண்டும்?

காற்றை நீக்கிய குழாயில் நாணயமும் இறகும் சேர்ந்தே விழும் சோதனை கல்லூரிகளில் காட்டப்படுவது, விரித்துரைக்க வேண்டியதில்லை. சூழ்ந்த காற்றைவிட அடர்த்தி மிகுந்திருப்பதே விழுவதற்குக் காரணமாயின், காற்றே இல்லாத இடத்தில் பேச்சு முடிந்துவிடும். அங்கேயும் விழுகின்றன, அடர்த்தியில் பெரிதும் வேறுபட்டவை ஒரே வேகத்தில் விழுகின்றன.

நம்மைப்போல ஊர்விட்டு ஊர் வந்தவர்களுக்கு உரிய சான்று ஒன்று உண்டு. சென்னையில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரத்தைத் தில்லிக்குக் கொண்டுவந்து மாட்டினால், வெப்பத்தால் தண்டு நீள்வதும் குறுகுவதுமான விளைவைக் கழித்த பின்னும், அது நாளொன்றுக்கு அரை நிமிடத்துக்குமேல் விரைந்து ஓடும். காரணம், தில்லியில் ஈர்ப்பு சென்னையில் உள்ளதைவிட ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு கூடுதல். சென்னையில் அறுபது கிலோ காட்டிய ஒருவர் அதே வில் தராசில் தில்லியில் நின்றால், தராசு அவ்வளவு நுட்பமானதாயின், ஐம்பது கிராம் கூட்டிக் காட்டும். படிக்கல்லை வைத்து நிறுக்கும் தராசில் இது தெரியாது. படிக்கல்லும் சேர்ந்தே எடை கூடிவிடும். நுட்பமான மின்னணுத் தராசுகளைப் பயன்படும் இடத்திலேயே சரிபார்ப்பது இதனால்தான். "தில்லிக் காற்று வேறு" என்று எதிர்வாதம் வரும். கணக்குப் பார்ப்போம். அறுபது கிலோ மனிதரைக் காற்று மிதக்கவைக்கும் விசையே மொத்தம் எழுபது கிராம் அளவுதான். கடல்மட்டத்திலிருந்து இருநூறு மீட்டர் உயரத்துக்குக் காற்று மெலிவது நூற்றில் இரண்டு பங்கு. அதனால் எடையில் வரும் மாற்றம் இரண்டு கிராமுக்கும் குறைவு, ஐம்பது வராது.

இதை முதலில் கண்டவர் ழான் ரிஷே என்ற பிரெஞ்சுக்காரர். 1672-இல் பாரிஸிலிருந்து நிலநடுக்கோட்டை அடுத்த கயேனுக்குக் கொண்டுசென்ற அவருடைய கடிகாரம் நாளுக்கு இரண்டரை நிமிடம் பின்தங்கியது. நடுக்கோட்டில் புவி சற்றுப் பருத்திருப்பதும், அங்கே சுழற்சி வேகம் மிகுவதும் காரணம் என்று நியூட்டன் பின்னர் விளக்கினார். நடுக்கோட்டு ஆரம் துருவ ஆரத்தைவிட 21 கிலோமீட்டர் கூடுதல் என்பது இன்றைய அளவு.

ஈர்ப்பு பக்கவாட்டிலும் இழுக்கும் என்பதை 1798-இல் ஹென்றி கேவண்டிஷ் ஈயக் குண்டுகளைக்கொண்டு அறைக்குள்ளேயே அளந்தார். பெரிய குண்டு சிறிய குண்டைத் தன்பால் இழுத்தது. சுற்றிலும் ஒரே காற்று; கீழும் மேலும் அங்கே பேச்சே இல்லை. இதன் பேருருவத்தை இந்தியாவில் காணலாம்.

1802-இல் வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலை அருகே ஓர் அடிக்கோட்டை அளந்து தொடங்கிய பெரும் நில அளவை, குமரிமுனைப் பக்கத்திலிருந்து இமயத்தின் அடிவாரம் வரை நீண்டது. அளவையாளர் ஓரிடத்தின் அட்சரேகையை இரு வழிகளில் அறிந்தனர். தரையில் முக்கோணங்களாக அளந்துகொண்டே போவது ஒன்று. விண்மீன்களைப் பார்த்து அறிவது மற்றொன்று. விண்மீனைப் பார்க்கும் கருவியைச் செங்குத்தாக நிறுத்தத் தூக்குநூல் வேண்டும். கொத்தனார் சுவர் எழுப்பும்போது தொங்கவிடும் அதே தூக்குக் குண்டுதான். நடு இந்தியாவில் கல்யாண்பூருக்கும், வடக்கே முசாபர்நகரை அடுத்த கல்யாணாவுக்கும் இடையே இவ்விரு வழிகளின் விடைகள் 5.236 விநாடிக் கோணம் முரண்பட்டன. தரையில் அது ஏறத்தாழ 160 மீட்டர். அத்தனை கவனமான அளவையில் இது பெரும் பிழை.

கல்கத்தாவில் கிறிஸ்தவ குருவாயிருந்த ஜான் பிராட் என்னும் கணித அறிஞர், இமயமலை தூக்குக் குண்டைத் தன் பக்கம் இழுத்திருக்கவேண்டும் என்று ஊகித்தார். மலையின் பருமனையும் பாறையின் அடர்த்தியையும் கொண்டு 1855-இல் கணக்கிட்டார். விடை 15.885 விநாடி; கண்ட முரண்பாட்டைப்போல மூன்று மடங்கு. இமயம் இழுக்கிறது என்பது விளங்கிற்று. ஆனால் அத்தனை பெரிய மலை இழுக்கவேண்டிய அளவில் மூன்றில் ஒரு பங்குதான் இழுக்கிறது. ஏன்?

அதே ஆண்டில் இங்கிலாந்தின் அரசவை வானியலர் ஜார்ஜ் ஏரி விடை கூறினார். நீரில் மிதக்கும் கட்டைகளில் எது மேலே மிகுதியாக நீட்டிக்கொண்டிருக்கிறதோ, அதுவே நீருக்குள்ளும் மிகுதியாக அமிழ்ந்திருக்கும். மலையும் அவ்வாறே. இலேசான புவியோடு, கீழே உள்ள அடர்த்தி மிகுந்த பகுதியின்மேல் மிதக்கிறது. இமயத்தின் கீழே அதே இலேசான பாறையாலான ஆழ்ந்த வேர் இருக்கிறது. அவ்வேர் அடர்த்தி மிகுந்த பொருளை விலக்கி இருப்பதால், மலையின் இழுப்பில் பெரும்பகுதி ஈடாகிவிடுகிறது. தென்னிந்தியாவின் கீழே புவியோட்டின் தடிப்பு நாற்பது கிலோமீட்டர் அளவு. இமயத்துக்கும் திபெத்துக்கும் கீழே எழுபதை எட்டுகிறது என்று நிலநடுக்க அலைகள் பிற்காலத்தில் காட்டின. தட்டை உலகத்தார் ஈர்ப்புக்கு எதிராக நிறுத்திய அடர்த்தியும் மிதப்பும் ஈர்ப்போடு ஒரே கணக்கில் சேர்ந்து உழைப்பதை இங்கே பார்க்கிறோம். மூன்றில் ஒன்றை எடுத்துவிட்டாலும் அந்த 5.236 கிடைக்காது.

இக்கணக்கை ஊசலால் சரிபார்க்கும் பணி 1865-இல் ஜேம்ஸ் பாசெவி என்ற அளவைத்துறை அதிகாரியிடம் ஒப்படைக்கப்பட்டது. கடிகாரத்தைப்போலவே, ஈர்ப்பு மிகுந்த இடத்தில் ஊசல் விரைந்து ஆடும். குறைந்த இடத்தில் தாமதிக்கும். ஒவ்வொரு நிலையமாக ஊசல்களை ஆட்டி எண்ணிய பின் அவர் லடாக்கை அடைந்தார். மோரே என்னும் மேட்டுச் சமவெளியில், 15,000 அடிக்குமேற்பட்ட உயரத்தில் அளவை எடுத்தார். பின்னர் அக்குளிரிலும் மெலிந்த காற்றிலும் பணி தொடர்கையில் 1871 ஜூலை 17 அன்று உயிர் நீத்தார். அவர் விட்டுச்சென்ற குறிப்புகளில் மோரேயின் ஊசல், காலடியில் அத்தனை பாறை குவிந்திருப்பதற்கு ஏற்ற விரைவோடு ஆடவில்லை. மலை மிதக்கிறது என்று ஏரி சொன்னதற்கு அது பொருந்தியிருந்தது.